மனசு சரியில்லை என்றால் எந்தப் பஸ் ஏறுவது?

கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறும் பேருந்து கரியாலூரில் நிற்கும்போது இறங்குகிறவர்களைப் பார்த்தாலே யார் எவர் என்று தெரிந்துவிடும். கையில் செல்ஃபி ஸ்டிக்கோடு இறங்குகிறவர்கள் படகுத் துறைக்கும் பூங்காவுக்கும் வந்தவர்கள். அப்படியே பெரியார் அருவி, மேகம் அருவி என்று போய்விடுவார்கள். அரிசிப் பையும் எண்ணெய் கேனுமாக இறங்குகிறவர்கள் மலைக்காரர்கள். இவர்களுக்கு நடுவில் சில நாள்களில் ஒரு பையனோ பெண்ணோ இறங்குவதுண்டு. முதுகில் பெரிய பை, கையில் ஒரு பக்கெட்டு. பக்கெட்டோடு வந்தால் விடுதியைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பண்டிகை லீவுக்கு வருகிற பிள்ளை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வராது.

அப்படி ஒரு பையனை நினைத்துக்கொள்வோம். யார் என்று தேட வேண்டாம். மலையிலிருந்து கீழே படிக்கப் போன பல பிள்ளைகளின் சாயல் அவனிடம் இருக்கும். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, சமவெளியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவன். செமஸ்டர் நடுவில் வந்து நிற்கிறான்.

“என்ன சாமி, லீவா?” என்கிறார் அம்மா.

“ம்...”

அந்த ‘ம்’முக்குப் பிறகு மூன்று வாரம் பேச்சில்லை. தலை வலிக்கிறது என்கிறான். வயிறு சரியில்லை என்கிறான். களியோ சோறோ, தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. இரவெல்லாம் விழித்துக் கிடந்துவிட்டு, பகலில் போர்த்திக்கொண்டு படுக்கிறான். தங்கை ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். ஆயா திருஷ்டி சுற்றிப் போடுகிறார். கோயிலில் மந்திரித்து, கையில் கயிறு கட்டியாகிவிட்டது. சுகாதார நிலையத்தில் தலைவலிக்கு மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கும் அப்பா போனில், “சும்மா படுத்துக் கிடக்க வேணாம்னு சொல்லு, காட்டு வேலைக்காவது போகச் சொல்லு” என்கிறார்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருமே அவனுக்கு ஏதோ ஒன்று செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால், அவனுக்கு என்ன நோய் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும்தான்.

உடம்பு பேசும் மொழி

மனச்சோர்வு என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போகிறவர்கள் நம் ஊரில் குறைவு. ‘ஒரு மாதிரியா இருக்கு’, ‘நெஞ்சு அடைக்கிற மாதிரி’, ‘கை கால் ஓயுது’, ‘எதுலயும் புத்தி போகல’ - இப்படித்தான் அது வெளியே வரும். இளம் வயதில் இன்னும் குழப்பம். பெரியவர்கள் சோர்வாக இருந்தால் சோகமாகத் தெரிவார்கள். பதினாறு, பதினேழு வயதில் அதே சோர்வு பல நேரம் கோபமாகத் தெரியும். கதவை அறைந்து சாத்துவது, போனுக்குள் முகத்தைப் புதைப்பது, ‘என்னை விட்டுடுங்க’ என்பது... இதையெல்லாம் ‘வயசுக் கோளாறு’, ‘திமிர்’ என்று பெயர் வைத்து வீடு கடந்துவிடுகிறது.

வருத்தம் வேறு, நோய் வேறு. அதைப் பிரித்துப் பார்க்க மருத்துவர்கள் கையாளும் அளவுகோல் எளிமையானது. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் வருத்தம் வரும். நண்பன் வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். ஆனால், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனத்துக் கிடந்தால் அது வேறு. முன்பு பிடித்த கபடியும் பாட்டும் இப்போது பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறிப்போவது, நான்கு வரி படித்தால் முதல் வரி மறந்துபோவது, ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருவது... இவற்றில் சில சேர்ந்து வந்து படிப்பையும் வேலையையும் முடக்கினால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘வாழ்ந்து என்ன பிரயோஜனம்’ என்று பேச ஆரம்பித்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

இது அபூர்வமான நோயா என்றால், இல்லை. 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதாவது ஒரு மனநலப் பிரச்னையோடு இருக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 - 17 வயதினரில் 7.3 சதவிகிதம் பேருக்கு இப்படியான பிரச்னை இருப்பது தெரியவந்தது. அதே கணக்கெடுப்பு சொன்ன இன்னொரு விஷயம்தான் அதிகம் கவலைப்பட வைப்பது. மனநலப் பிரச்னை உள்ளவர்களில் பெரும்பாலானோர், பிரச்னையைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் வரை, சிகிச்சையே பெறவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பில் நான்கைந்து பேர் தவித்துக்கொண்டிருக்கலாம். அவர்களில் ஒருவராவது மருத்துவரைப் பார்த்திருந்தால் ஆச்சர்யம்தான்.

முதல் தலைமுறையின் பாரம்

கல்வராயன் மலையில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1976 வரை இந்த மலைக் கிராமங்கள் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தன. மலையாளி பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த கதையை இன்றைக்கும் வயதானவர்கள் சொல்வார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய விஷயம்தான் அது. அந்தத் தாத்தாவின் பேரன் இன்று சர்க்யூட் வரைபடம் வரைகிறான், பேத்தி நர்ஸிங் படிக்கிறாள். பெருமையான மாற்றம்தான். ஆனால், ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக நடந்து வந்த தூரத்தை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை நான்கு வருடத்தில் முடித்துக்காட்ட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவன் படிப்பைப் பார்த்துத்தான் தங்கை படிப்பாள், அவன் சம்பாதித்துத்தான் வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டும். இதை யாரும் அவனிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும்.

கீழே போன இடத்தில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பேச்சில் ஒரு மலை வாடை இருந்தால் சிரிப்பார்கள். ‘மலைக்காரன்’ என்பதே கேலிப் பெயராகிவிடும். உதவித்தொகை வரத் தாமதமானால் மெஸ் பில் நிற்கும். வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லலாம் என்றால், எஸ்டேட்டில் காப்பி பறிக்கும் அப்பாவிடம் என்னவென்று சொல்வது? ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று சொல்லிப் பழகிவிடுகிறான். சிறு வயதிலேயே வீட்டைவிட்டு உறைவிடப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் ரொம்பவே கைவந்திருக்கும். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று ஆறு வயதில் கற்றுக்கொண்டதை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, பஸ் வசதி என்று அப்போது நிறைய பேசப்பட்டது. குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டில் வளர்கிற பிள்ளையின் மனசு பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. இரவு எத்தனை மணிக்குச் சண்டை தொடங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே தூங்குகிற பிள்ளை, மறுநாள் வகுப்பில் எப்படி உட்காரும்? பின்னாளில் அந்தப் பிள்ளையே சோகத்தை மறக்க அதே பாட்டிலைத் தேடிப் போவதும் நடக்கிறது. குடி சோர்வைக் குறைப்பதில்லை. ஓரிரு மணி நேரம் மறக்கடித்துவிட்டு, விடிந்ததும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது.

ஒரு போன் கால் தூரம்

சரி, அந்தப் பையன் என்ன செய்யலாம்? முதல் வழி போன். 14416. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவைக்கான எண் இது. 2022 அக்டோபர் 10, உலக மனநல தினத்தன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். நாடு முழுக்க இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்திருக்கின்றன. ஆகவே, ‘நான் ஒருத்தன்தான் இப்படிப் புலம்புறேனோ’ என்ற கூச்சம் தேவையில்லை.

(ஒரு சின்ன எச்சரிக்கை: 14417 என்பது பள்ளிக் கல்வித்துறையின் வழிகாட்டி எண். படிப்பு, பள்ளி தொடர்பான சந்தேகங்களுக்கு அது. ஓர் எண் மாறினாலும் குடிமுழுகிப் போகாது. ஆனால், பதற்றத்தில் இருக்கும்போது சரியான எண் கையில் இருப்பது நல்லது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எந்த ஆபத்துக்கும் 1098-ஐ அழைக்கலாம். சென்னையில் 1986-ல் இருந்து இயங்கும் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044 - 24640050. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.)

போன் செய்தால் என்ன ஆகும் என்று தெரியாததால்தான் பலர் எண்ணை அழுத்திவிட்டுத் துண்டித்துவிடுகிறார்கள். மறுமுனையில் இருப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். கதையை முதலிலிருந்து கோவையாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ‘தூக்கம் வரமாட்டேங்குது’ என்று ஆரம்பித்தாலே போதும். அழுதால் அழுது முடிக்கும்வரை காத்திருப்பார்கள். மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது அருகில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அதற்குத் தகுந்த அவசர உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

கல்வராயன் மலையின் பல குக்கிராமங்களில் இந்த வழிக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. சிக்னல். வீட்டுக்குள் ஒரு கோடுகூட விழாது. மேடான இடம் பார்த்து ஏறி நின்றால்தான் பேச்சு கேட்கும். அங்கே ஏற்கெனவே நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்று ‘எனக்கு வாழப் பிடிக்கல’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஒரு செல்போன் கோபுரம் இல்லாததை மனநலப் பிரச்னை என்று எந்த அறிக்கையும் எழுதாது. எழுதியிருக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

இரண்டாவது வழி, நேரில் போவது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1996-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் வந்து, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. முன்பு எதற்கெடுத்தாலும் விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியிருந்த மலைக்காரர்களுக்கு அந்தத் தூரம் குறைந்திருக்கிறது. மனநலக் குழு சில குறிப்பிட்ட நாள்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் வருவது வழக்கம். நம் பகுதிக்கு எந்தக் கிழமை என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி வீணாகாது.

அங்கே போனால் ஷாக் கொடுப்பார்களா, கட்டிப் போடுவார்களா, உள்ளே தள்ளிவிடுவார்களா? சினிமா கொடுத்த பயங்கள் இவை. நடப்பது இதுதான். சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். மருத்துவர் கேட்பார்: எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, விடுதியில் என்ன நடந்தது, குடி, கஞ்சா பழக்கம் உண்டா, சாகலாம் என்று தோன்றியதா. கொஞ்ச நேரம் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகவும் கேட்பார். ரத்தச்சோகை, தைராய்டு போன்றவையும் சோர்வைக் கொண்டுவரும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம். லேசான சோர்வு என்றால் பேச்சு வழி சிகிச்சையே போதுமானதாக இருக்கும். மருந்து தேவைப்பட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் அன்று மாலையே வீடு திரும்பிவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை.

மருந்து விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் மாத்திரைபோல போட்ட அன்றைக்கே இறங்காது. சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். ஆரம்பத்தில் வாய் உலர்வது, வயிற்றைப் புரட்டுவது, தூக்கம் மாறுவது வரலாம். ‘மாத்திரை போட்டதும் இன்னும் மோசமாயிடுச்சு’ என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்ச் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார். இளம் வயதினருக்கு முதல் சில வாரங்கள் வீட்டார் கூடுதல் கவனத்தோடு உடனிருக்க வேண்டும். பதற்றம் கூடினால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. சோர்வு மருந்துகள் போதைப் பழக்கம்போல ஆளைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால், சுகமாகிவிட்டது என்று நாமாகச் சட்டென்று நிறுத்துவதும் தவறு. சில மாதங்கள் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கோயிலுக்கும் குறி கேட்கவும் போகிற குடும்பங்களை டாக்டர்கள் திட்டுவார்கள் என்ற பயமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய கொடுமை நம் மாநிலத்தில்தான் நடந்தது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. கையில் கட்டிய கயிறு அப்படியே இருக்கட்டும். ஆயாவுக்கு அதில் ஒரு நிம்மதி. கயிறு கட்டியாயிற்று என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதில்தான் ஆபத்து.

போலீஸ் வருமா?

இந்த மலையில் போலீஸ் என்றால் சாராய ஊறல் தேடி வருகிறவர்கள் என்றுதான் பல தலைமுறைக்கு அர்த்தம். ஆகவே, பிள்ளை தன் உயிருக்குத் தீங்கு செய்துகொள்ள முயன்றுவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிற விபரீதம் நடக்கிறது. அந்தத் தாமதம் உயிரைக் குடிக்கும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சட்டமும் மாறிவிட்டது. 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, இப்படி முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-வது பிரிவே இல்லை. அரசு ஊழியரை அவர் கடமையிலிருந்து தடுக்கும் நோக்கில் அப்படிச் செய்தால் மட்டும்தான் குற்றம். மருத்துவர் தெரிந்துகொண்ட விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் மனநலச் சட்டம் சொல்கிறது. ‘வெளியே தெரிஞ்சா பொண்ணு கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது’ என்ற கவலைக்கு அது ஓரளவு பதில்.

பாட்டிகளின் பெஞ்சு

கரியாலூரிலிருந்து கொஞ்சம் விலகி ஜிம்பாப்வேவுக்குப் போய் வரலாம். அங்கே டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண், நிலைமை மோசமானபோது அவரைப் பார்க்க வர முடியாமல் உயிரை விட்டார். காரணம், பஸ் கட்டணத்துக்கு 15 டாலர் இல்லை. இதை சிபாண்டாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருப்பது சரியில்லை என்று அவருக்கு உறைத்தது. ஆனால், கோடிக்கணக்கான மக்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மனநல மருத்துவர்கள் இருந்தார்கள். யாரை அனுப்புவது?

2006-ல் தலைநகர் ஹராரேயின் ஓர் ஏழைப் பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏற்கெனவே சுகாதாரத் தொண்டர்களாக இருந்தவர்கள். சுகாதார நிலைய வளாகத்தில், மரத்தடியில் ஒரு மரபெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். மனசு சரியில்லாதவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அங்கே மக்கள் மனச்சோர்வுக்குச் சொல்லும் வார்த்தைக்கு ‘ரொம்ப யோசிப்பது’ என்றுதான் பொருள். நம்மூரில் ‘ரொம்ப யோசிச்சுக்கிட்டே இருக்கான்’ என்கிறோமே, அதேதான். பாட்டிகள் அறிவுரை சொல்வதில்லை. கேட்பார்கள். இருக்கும் பிரச்னைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று கூடச் சேர்ந்து யோசிப்பார்கள். 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்குச் சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் அது 14 சதவிகிதம்தான்.

கரியாலூருக்கு அப்படி ஒரு பெஞ்சு வந்தால் அதில் யார் உட்காரலாம் என்று யோசித்துப் பார்த்தால், ஆள் இல்லாமல் இல்லை. கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவருகிறவர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். வீட்டில் யார் படுத்தே கிடக்கிறார் என்பது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். அங்கன்வாடி அக்கா இருக்கிறார். விடுதி வார்டன் இருக்கிறார். இதில் வார்டன் முக்கியமானவர். எந்தப் பிள்ளை மூன்று நாளாக மெஸ்ஸுக்கு வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். வருகைப் பதிவேடு எழுதுவது மட்டும் அவர் வேலை என்று வைத்திருப்பது நம் நிர்வாகத்தின் பெரிய வீண்செலவு. 2022 டிசம்பரில் தமிழக அரசு ‘மனம்’ என்ற பெயரில் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. நல்ல யோசனை. மன்றம் இருப்பதே தெரியாத மாணவனிடம் அதைக் கொண்டு சேர்க்க, விடுதிக் கதவில் ஒட்டிய ஒரு தாள் போதும். அந்தத் தாளைக்கூடக் காணவில்லை என்றால் யாரிடம் சொல்வது?

தனிமனிதர் தைரியத்தை மட்டும் நம்பினால் போதாது. விதிகளை மாற்றினாலும் உயிர்கள் தப்பும். பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல், அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதும் வழி தமிழ்நாட்டில் வந்ததற்குப் பின்னால், ஸ்நேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்களின் வற்புறுத்தல் இருந்தது. 2017-ல் மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பும் நிறுத்தப்பட்டது. ரிசல்ட் நாளில் தொலைக்காட்சியில் ‘மாநிலத்தில் முதலிடம்’ என்று லட்டு ஊட்டும் காட்சி இப்போது இல்லை. அந்தக் காட்சி எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகளைக் குன்றச் செய்தது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

அந்தப் பையனின் வீட்டுக்குத் திரும்புவோம். நான்காவது வாரம், வேறு வேலையாக வந்த நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். போர்வைக்குள் கிடக்கிறவனைப் பார்க்கிறார்.

“தம்பி காலேஜுக்குப் போகலையா?”

“தலைவலிங்க.”

“தலைவலி எப்போ இருந்து?”

அவன் சொல்லவில்லை. அவரும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. அம்மா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி நேராகவே கேட்கிறார்: “செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சா தம்பி?”

இந்தக் கேள்வியைக் கேட்கப் பெரும்பாலான பெற்றோருக்கு வாய் வராது. கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி விதைப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஒளித்துவைத்து ஒளித்துவைத்துக் களைத்துப்போன பிள்ளைக்கு, ‘இதை இவரிடம் சொல்லலாம்’ என்ற அனுமதிதான் அந்தக் கேள்வி. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் பதறி அலறவும் கூடாது, ‘எங்களை நினைச்சுப் பார்த்தியா?’ என்று குற்றம் சாட்டவும் கூடாது. ‘சொன்னியே, அதுவே போதும். நான் கூட இருக்கேன்’ என்று சொல்லலாம். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடக் கூடாது. வீட்டில் ஆபத்து விளைவிக்கக்கூடிய எதையும் பூட்டி வைத்துவிட வேண்டும். ‘உன் வயசுல நாங்க படாத கஷ்டமா?’ என்ற வசனத்தையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிடலாம். பெற்றோர் பட்ட கஷ்டம் பெரியதுதான். ஆனால், அதைக் கேட்டு இதுவரை எந்தப் பிள்ளைக்கும் பசி எடுத்ததில்லை.

நர்சம்மாவின் கேள்விக்கு அவன் வாயால் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறான். பிறகு அழுகிறான். மூன்று வாரத்தில் முதல் தடவை. ஒரு பேப்பரில் தப்பிப் போனது, மெஸ் பில், பக்கத்துக் கட்டில்காரர்கள் அவன் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரித்தது எல்லாம் துண்டு துண்டாக வருகிறது. அவர் அங்கிருந்தே, சிக்னல் இருக்கும் மேட்டுக்கு அவனைக் கூட்டிப்போய் 14416-ல் பேச வைக்கிறார். அவன் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்கிறார். “நாளைக்கு ஓபி இருக்கு, ரெண்டு பேரும் முதல் பஸ்ஸுக்கு வந்துடுங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

மறுநாள் காலை மலை இறங்கும் பேருந்தில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் அம்மா. கையில் பழைய கயிறு இருக்கிறது, பையில் புதிய நோட்டு ஒன்று; மருத்துவமனைச் சீட்டை மடித்து வைக்க. எஸ்டேட்டிலிருந்து அப்பா கூப்பிடுகிறார். கோமுகி அணைப் பக்கம் வந்ததும்தான் சிக்னல் சரியாகக் கிடைக்கிறது. அம்மா போனை அவனிடம் நீட்டுகிறார். “அப்பாகிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்கிறார்.

“நானே சொல்றேன்மா” என்று வாங்கிக்கொள்கிறான்.